எலக்ட்ரிக்கலை விட்டுட்டுப் போன ஜி.என்.ஆர்.

கவுன்சிலிங்ல கிடைச்ச டிபார்ட்மென்ட் நமக்குச் சரியானதுதானா என்று முதல் செமஸ்டர்ல இருந்து கடைசி செமஸ்டர் வரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருக்கிற கூட்டம் நம்மளோடது. இந்த இதழ்ல நான் சொல்லப்போற ஆளும் ஒரு காலத்துல எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்க வந்தவர்தான். அங்கேயே இருந்திருந்தா நல்ல இன்ஜினியரா வந்திருப்பார், ரிட்டயர் ஆகியிருப்பார், நமக்கு அவர் பேரே தெரிஞ்சிருக்காது. ஆனா இன்னைக்கு உலகத்துல எந்த மூலையில ஒரு புரதத்தோட வடிவத்தைக் கண்டுபிடிச்சாலும், அது சரியா தப்பா என்று பார்க்க அவர் போட்ட ஒரு படத்தைத்தான் எடுக்கிறாங்க. அவர் பேர் கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். சுருக்கமா ஜி.என்.ஆர்.

படிச்சது நம்ம பக்கத்துல

1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்துல ஒரு தமிழ்க் குடும்பத்துல பிறந்தார். அப்பா நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில கணக்குப் பேராசிரியர். அதனால கணக்கு அவருக்கு ஸ்கூல்ல வந்த பாடம் இல்லை, வீட்டுத் திண்ணையில வந்த பாடம்.

இளநிலைப் படிப்புக்கு வந்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி. பாடம் இயற்பியல். உளுந்தூர்பேட்டையில பஸ் ஏறினா திருச்சி ரெண்டரை மணி நேரம். பின்னாடி அவர் பெரிய வேலைகளைச் செஞ்ச சென்னை, ரோட்டோட அந்தப் பக்கம். அவர் வாழ்க்கையோட ரெண்டு முக்கியமான ஊருக்கும் நடுவுல நாம உட்கார்ந்திருக்கோம் என்று வெச்சுக்கோங்க.

1942-ல பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல சேர்ந்தார். சேர்ந்தது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். அங்கே இயற்பியல் துறையில இருந்தவர் சர் சி.வி. ராமன். இந்தப் பையனோட திறமையைப் பார்த்த ராமன், எலக்ட்ரிக்கல் துறைத் தலைவர்கிட்ட பேசி, இவனை நீங்க வெச்சுக்கிறது வீண், நான் எடுத்துக்கிறேன் என்கிற தொனியில தன் துறைக்கு இழுத்துக்கிட்டார். ஈ.ஈ.ஈ. நண்பர்கள் மன்னிக்கவும்! கதை அப்படித்தான் சொல்லப்படுது.

ராமன்கிட்ட கத்துக்கிட்டது படிகங்களும் எக்ஸ்-ரேயும். ஒரு படிகத்துக்குள்ள எக்ஸ்-ரேயை விட்டா அது சிதறி, ஃபிலிம்ல புள்ளி புள்ளியா விழும். அந்தப் புள்ளிகளை வெச்சு உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கு என்று பின்னோக்கிக் கணக்குப் போடணும். நிழலைப் பார்த்து ஆளை வரையிற வேலை இது. ராமச்சந்திரனோட மொத்த வாழ்க்கையும் இந்த ஒரே வேலைதான் என்றுகூடச் சொல்லலாம். டாக்டர் பட்டம் வாங்கின பிறகு 1947-ல கேம்பிரிட்ஜ் போய், கேவண்டிஷ் ஆய்வகத்துல வூஸ்டர் என்பவர்கிட்ட வேலை செஞ்சு, 1949-ல அங்கேயும் ஒரு பிஎச்.டி. முடிச்சுட்டுத் திரும்பி வந்தார்.

கிண்டியில ஒரு கங்காரு வால்

1952-ல சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியலுக்கு ஒரு துறை ஆரம்பிச்சது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் முதல்ல கேட்டது ராமனை. ராமன், நான் வரலை, ராமச்சந்திரனை எடுத்துக்கோங்க என்று கைகாட்டினார். அப்போ ராமச்சந்திரனுக்கு வயசு முப்பதை ஒட்டி இருக்கும். நாம கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பயந்துக்கிட்டு இருக்கிற வயசுல இருந்து ஒரு எட்டு ஒன்பது வருஷம்தான் தூரம். அந்த வயசுல புரொபசர், துறைத் தலைவர்.

துறை இருந்த இடம் கிண்டி. பக்கத்துலயே நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். அந்தப் பக்கம் அடையாறுல சி.எல்.ஆர்.ஐ., அதாவது மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். இந்த அக்கம்பக்கம்தான் அடுத்து நடந்ததுக்குக் காரணம்.

அந்த வருஷம் ஜே.டி. பெர்னல் என்கிற பிரிட்டிஷ் விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். பேச்சுவாக்குல, கொலாஜன் என்கிற புரதத்தோட வடிவம் இன்னும் யாருக்கும் சரியாத் தெரியலை என்று சொன்னார். கொலாஜன் என்பது நம்ம தோல், எலும்பு, தசைநாண் எல்லாத்தையும் தாங்கிப் பிடிக்கிற புரதம். தோல் பதனிடுறவங்களுக்கு அதுதான் மூலப்பொருளே. வேணும்கிற மாதிரி பக்கத்துலயே தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கேயிருந்து கங்காரு வாலோட தசைநாண் கிடைச்சது. நல்ல தெளிவான எக்ஸ்-ரே படம் அதுலதான் வந்தது. கூட வேலை செஞ்சவர் கோபிநாத் கர்த்தா.

கையில இருந்த துப்பு ரொம்பக் குறைவு. அதுல ஒண்ணு, கொலாஜன்ல மூணுல ஒரு அமினோ அமிலம் கிளைசின் என்கிறது. அமினோ அமிலங்கள்லேயே சின்னது கிளைசின். ஏன் சரியா மூணுல ஒண்ணு? ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் இடம் ரொம்பக் குறுகலா இருக்கணும், பெருசு எதுவும் அங்கே நுழைய முடியாது. அப்படிப்பட்ட அமைப்பு எது? மூணு சங்கிலி ஒண்ணையொண்ணு சுத்திக்கிட்டு நின்னா, நடுவுல அப்படி ஒரு நெருக்கடி வரும்.

மூணு பிரி போட்டு முறுக்கின கயிறு நீங்க பார்த்திருப்பீங்க. அதேதான். 1954-ல நேச்சர் இதழ்ல கட்டுரை வந்தது. டி.என்.ஏ.வோட இரட்டைச் சுருள் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1955-ல அதையே திருத்தி, தனித்தனியா சுருண்ட மூணு சங்கிலியும் சேர்ந்து இன்னொரு பெரிய சுருளா முறுக்கிக்கிட்டு இருக்கு என்று எழுதினாங்க. நிலா பூமியைச் சுத்தும்போது எப்பவும் ஒரே முகத்தைத்தான் காட்டும் இல்லையா? அந்த மாதிரி ஒவ்வொரு சங்கிலியும் தன் கிளைசின் பக்கத்தை எப்பவும் நடுவுக்கே காட்டிக்கிட்டுத் திரும்பும்.

அடி விழுந்தது, அதுக்கப்புறம்

இங்கேதான் கதையில சிக்கல். அதே 1955-ல ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு கொலாஜன் வடிவத்தை வெளியிட்டாங்க. மூணு சங்கிலி என்பது சரி, ஆனா சென்னை மாடல்ல சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்குக் கிட்டக்கிட்ட இருக்கு என்பது அவங்க குற்றச்சாட்டு. சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டுற ஹைட்ரஜன் பிணைப்பு, மூணு அமினோ அமிலத்துக்கு ரெண்டு என்று சென்னை சொன்னது. கேம்பிரிட்ஜ் ஒண்ணுதான் என்றது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடிச்ச கிரிக். இன்னொரு பக்கம் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆன ஒரு துறை. உலகம் யாரை நம்பும்?

இதை முழுசாச் சொல்லணும்னா பின்னாடி நடந்ததையும் சொல்லணும். 1994-ல கொலாஜன் மாதிரியான ஒரு துண்டைப் படிகமாக்கித் துல்லியமாப் பார்த்தாங்க. மூணு சங்கிலிச் சுருள் அப்படியே இருந்தது. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒண்ணுதான், அதுல கிரிக் பக்கம் சரி. கூடவே தண்ணி மூலக்கூறுகள் பாலம் போட்டுச் சங்கிலிகளை இணைச்சுக்கிட்டு இருந்தது. தண்ணி வழியா ரெண்டாவது பிணைப்பு இருக்கலாம் என்று ராமச்சந்திரன் 1968-லயே சொல்லியிருந்தார். அடிப்படை வடிவம் சென்னையோடது, திருத்தம் கேம்பிரிட்ஜோடது. நியாயமாப் பிரிச்சா இப்படித்தான் வரும்.

ஆனா 1955-ல இருந்த ராமச்சந்திரனுக்கு 1994 தெரியாது. அவர் முன்னாடி இருந்தது ஒரே கேள்வி. அணுக்கள் ரொம்பக் கிட்ட இருக்கு என்கிறாங்களே, ரொம்பக் கிட்ட என்றால் எவ்வளவு? அதுக்கு யார்கிட்டயும் ஒழுங்கான பதில் இல்லை. அவர் கோபத்துல ஒரு பதில் கட்டுரை எழுதி விட்டுட்டுப் போகலை. அதுவரைக்கும் வெளிவந்திருந்த அமினோ அமில, பெப்டைடு படிகங்களோட அளவுகளை எல்லாம் வாரி எடுத்து, கார்பனுக்கும் கார்பனுக்கும், கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும், நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவுல இயற்கை எவ்வளவு நெருக்கத்தை அனுமதிக்குது என்று பட்டியல் போட்டார். கூட இருந்தவங்க வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன்.

உலகத்துக்கே ஒரு மேப்

இப்போ மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ரோபோ கை இருக்கு. ஒவ்வொரு கணுவுலயும் ரெண்டு திருகு, ரெண்டும் முழுசா 360 டிகிரி சுத்தும். எந்தெந்தக் கோணத்துல வெச்சா கை தன்னையே இடிச்சுக்காம இருக்கும்? நாம என்ன செய்வோம்? ஒரு கோணத்தைப் படுக்கையிலும் இன்னொண்ணை நெட்டையிலும் போட்டு ஒரு கிராஃப் வரைவோம். இடிக்கிற இடத்தைக் கறுப்பாக்குவோம். மிச்சம் இருக்கிறது வேலை செய்யக்கூடிய பரப்பு.

புரதச் சங்கிலியும் அப்படித்தான். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ரெண்டு திருகு. பேர் ஃபை, சை. அடுத்தடுத்த அமினோ அமிலங்களைச் சேர்க்கிற பெப்டைடு பிணைப்பு தட்டையா விறைப்பா நிற்கும், அது திரும்பாது. ஆக மொத்தச் சங்கிலியோட வடிவமும் இந்த ரெண்டு கோணத்துல அடங்கிடுது. ராமச்சந்திரன் குழு ஒவ்வொரு கோண ஜோடிக்கும் அணுக்கள் எங்கே வரும், எது எதை இடிக்கும் என்று கணக்குப் போட்டாங்க. லேப்டாப் கிடையாது. மேசைக் கால்குலேட்டரும் காகிதமும்தான்.

1963-ல வெளிவந்த அந்தப் படம்தான் ராமச்சந்திரன் வரைபடம். பார்த்தா அசந்துடுவீங்க. மொத்தப் பரப்புல பெரும்பகுதி காலி! மூணுல ஒரு பங்குக்கும் குறைவான இடத்துலதான் புரதம் வாழ முடியும். ஒரு தீவுல ஆல்ஃபா சுருள், இன்னொரு தீவுல பீட்டா தாள். அந்தப் பீட்டாத் தீவுலயே ஒரு ஓரத்துல நம்ம கொலாஜன். கிளைசினுக்கு மட்டும் பக்கக் கிளை இல்லாததால ஊர் சுத்தத் தாராளமா இடம். முழுப் புரத வடிவங்கள் விரல்விட்டு எண்ணுற அளவுதான் தெரிஞ்சிருந்த காலத்துல, இனிமே வரப்போற எல்லாப் புரதமும் இங்கேதான் இருக்கும் என்று முன்கூட்டியே வேலி போட்டாங்க. அறுபது வருஷம் கழிச்சும் வேலி அப்படியே நிற்குது.

நம்ம டோல்கேட்டும் செல்லோட டோல்கேட்டும்

இதெல்லாம் எதுக்கு என்று கேட்கிறீங்களா? ஒரே ஒரு இடத்தை எடுத்துக் காட்டுறேன்.

நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் நடுவுல உட்கரு. டி.என்.ஏ. உள்ளே பத்திரமா இருக்கு. ஆனா டி.என்.ஏ.வைக் கையாளுற புரதங்கள் தயாராகிறது வெளியில. அது உள்ளே போகணும். உட்கருச் சுவர்ல ஆயிரக்கணக்கான வாசல்கள் இருக்கு, உட்கருத் துளை என்று பேர். உளுந்தூர்பேட்டை டோல்கேட்டை நினைச்சுக்கோங்க. டூவீலர் ஓரமாப் புகுந்து போயிடும், யாரும் கேட்க மாட்டாங்க. அதே மாதிரி சுமார் 40 கிலோடால்டனுக்குக் கீழே இருக்கிற சின்னப் புரதங்கள் தானாவே நுழைஞ்சிடும். லாரி, பஸ்னா? ஃபாஸ்டேக் வேணும்.

புரதத்தோட ஃபாஸ்டேக், அதோட சங்கிலியிலேயே எழுதியிருக்கிற ஒரு சின்ன வரிசை. முதன்முதலா இது புரிஞ்சது 1984-ல, எஸ்.வி.40 என்கிற வைரஸோட ஒரு புரதத்துல. வெறும் ஏழு அமினோ அமிலம்: ப்ரோலின், லைசின், லைசின், லைசின், அர்ஜினின், லைசின், வேலின். அதுல ஒரே ஒரு லைசினை மாத்தினா போதும், புரதம் வாசலுக்கு வெளியிலேயே நின்னுடும். இந்த டேகைப் படிக்கிற புரதம் இம்போர்ட்டின் ஆல்ஃபா. அதைக் கூட்டிக்கிட்டு வாசல் வழியாப் போறது இம்போர்ட்டின் பீட்டா. உள்ளே போனதும் ரான் என்கிற இன்னொரு புரதம், ஜி.டி.பி. என்கிற மூலக்கூறைச் சுமந்துக்கிட்டு வந்து இம்போர்ட்டினைப் பிடிச்சு, சரக்கை இறக்க வைக்கும். அப்புறம் வண்டி காலியா வெளியே திரும்பும், அடுத்த லோடுக்கு.

இப்போ ராமச்சந்திரன் எங்கே வர்றார் என்று பாருங்க. இம்போர்ட்டின் முழுக்க ஆல்ஃபா சுருள்களை அடுக்கிக் கட்டின ஒரு வளைந்த பாலம், அவர் வரைபடத்துல ஒரு தீவு. அந்த ஏழு எழுத்து டேக், இம்போர்ட்டின் ஆல்ஃபாவோட பள்ளத்துல சுருளாம நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கு, அது இன்னொரு தீவு. வாசலுக்குள்ள அடைச்சுக்கிட்டு இருக்கிற புரத நூல்கள்ல திரும்பத் திரும்ப வர்ற ஜோடி ஃபீனைல்அலனினும் கிளைசினும். வடிவமே இல்லாம நூடுல்ஸ் மாதிரி நெளியுற நூல்கள் அவை. அந்த நெளிவுக்கு, எங்கேயும் திரும்பக்கூடிய கிளைசின் பக்கபலம். கொலாஜன் கயிறை இறுக்கமா முறுக்க உதவின அதே கிளைசின்தான் இங்கே வாசலைத் தளர்வா வெச்சிருக்க உதவுது.

ஐ.டி. பசங்களுக்கும் ஈ.சி.இ.க்கும் ஒண்ணு

1960-கள்ல அவர் துறை உலகப் படத்துல இடம் பிடிச்சிடுச்சு. 1963-லயும் 1967-லயும் நடந்த சர்வதேச மாநாடுகளுக்கு வெளிநாட்டு விஞ்ஞானிகள் மெட்ராஸ் வந்தாங்க. 1961-ல பட்நாகர் விருது. அப்புறம் சென்னையை விட்டுக் கிளம்பி, சிகாகோவுல கொஞ்ச காலம் இருந்து, இந்திய அறிவியல் கழகத்துல மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை 1971-ல தொடங்கினார். அங்கே இயக்குநரா இருந்தவர் நமக்கு ராக்கெட் கதைகள்ல தெரிஞ்ச சதீஷ் தவான்.

அதே 1971-ல இன்னொரு கட்டுரை, ஏ.வி. லட்சுமிநாராயணனோட சேர்ந்து. பல கோணத்துல எடுத்த தட்டையான எக்ஸ்-ரே படங்களை வெச்சு உள்ளே இருக்கிற முப்பரிமாண வடிவத்தைத் திரும்பக் கட்டுறது எப்படி? ஃபூரியே உருமாற்றம் போட்டு வரலாம், ஆனா அந்தக் காலக் கம்ப்யூட்டருக்கு அது பெரும் பாரம். இவங்க கன்வல்யூஷனை வெச்சு அதைச் சுலபமாக்கினாங்க. மாட்லாப்ல ஐராடான் ஃபங்ஷனைப் போட்டிருக்கீங்களா? ஃபில்டர் எதுவும் சொல்லலைன்னா அது தானா எடுத்துக்கிறது ராம்-லாக். ராம் என்றால் ராமச்சந்திரன், லாக் என்றால் லட்சுமிநாராயணன். லேப்ல எத்தனை தடவை அந்தப் பேரைத் தாண்டிப் போயிருப்போம்!

சி.டி. ஸ்கேனுக்கு 1979-ல நோபல் பரிசு கொடுத்தாங்க. வாங்கினது கார்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும். கருவியைக் கட்டினதுலயும் கோட்பாட்டை முதல்ல எழுதினதுலயும் அவங்க பங்கு பெருசு, அதுல சந்தேகம் இல்லை. ராமச்சந்திரனுக்குக் கொலாஜனுக்கும் கிடைக்கலை, வரைபடத்துக்கும் கிடைக்கலை. 1977-ல லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1999-ல படிகவியல் உலகத்தோட பெரிய கௌரவமான எவால்ட் பரிசு வந்தது.

உட்கரு வாசலுக்கு இன்னொரு தடவை திரும்பி வருவோம். அந்த வாசலை இன்னைக்குப் படம் பிடிக்கிற முறைகள்ல முக்கியமானது, உறைய வெச்ச செல்லை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல பல கோணத்துல சாய்ச்சு எடுத்து, முப்பரிமாணமாத் திரும்பக் கட்டுறது. அந்தக் கணக்கு ராம்-லாக் குடும்பத்தைச் சேர்ந்தது. கட்டின வடிவம் நம்பத்தகுந்ததா என்று சோதிக்கிறது ராமச்சந்திரன் வரைபடம். வாசலைப் பார்க்கவும் அவர் வேணும், பார்த்தது சரியா என்று சொல்லவும் அவர் வேணும்.

கடைசி வருஷங்கள்

பிற்காலத்துல அவர் தர்க்கத்தைக் கணக்கா எழுதுறதுல இறங்கினார். பூலியன் இயற்கணிதத்தை வெக்டர், மேட்ரிக்ஸா மாத்தி எழுதிப் பார்த்தார். உடம்பு ஒத்துழைக்கலை. பார்க்கின்சன் நோய் வந்தது. மனைவி ராஜலட்சுமி 1998-ல காலமானது அவரை ரொம்பவே உடைச்சிடுச்சு. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில காலமானார். நம்மள்ல நிறைய பேர் பிறக்கிறதுக்கு முன்னாடி. அவர் மகன் ரமேஷ் நாராயண் ஹார்வர்டுல கருந்துளைகளை ஆராயுற வானியற்பியலாளர்.

2024-ல வேதியியல் நோபல், புரத வடிவங்களைக் கம்ப்யூட்டரால கணிச்சவங்களுக்கும் வடிவமைச்சவங்களுக்கும் போனது. ஆல்ஃபாஃபோல்டு கொடுக்கிற வடிவத்தையும் ஆராய்ச்சியாளர்கள் அந்த 1963 மேப்புல வெச்சுப் பார்க்கிறாங்க. ப்ரோட்டீன் டேட்டா பேங்க் என்று ஒரு இணையதளம் இருக்கு, இலவசம்தான். இன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் வைஃபை ஒழுங்கா வேலை செஞ்சா, அதுல ஏதாவது ஒரு புரதத்தைத் திறந்து, அதோட தர அறிக்கையைப் பாருங்க. கிண்டியில மேசைக் கால்குலேட்டரைச் சுத்திக்கிட்டு இருந்த ஒருத்தரோட பேர் அதுல இருக்கும்.

கிரிக் சொன்ன குறையை அவர் அவமானமா மட்டும் எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா அந்தப் பேர் அங்கே வந்திருக்காது. எவ்வளவு கிட்ட என்றால் ரொம்பக் கிட்ட என்று திருப்பிக் கேட்டார், அளந்தார். உங்க ப்ராஜெக்ட் ரிவ்யூவுல யாராவது உங்க ரிசல்ட்டைக் கிழிச்சாங்கன்னா, ரூமுக்கு வந்து புலம்புங்க, தப்பில்லை. அடுத்த நாள் காலையில அவங்க சொன்ன எண்ணை மட்டும் எடுத்து நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்க.